600 வாட் டிரில் மெஷினுடன் எட்டு ஆண்டுகள்

2017-இல் சொந்த வீட்டுக்குக் குடிபோனபோது, திரைச்சீலைக் கம்பி, சாமி அலமாரி, தண்ணீர் வடிகட்டி, துணிக்கொடி என்று சுவரில் பொருத்த வேண்டியவை மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலுத்துப்போய், 600 வாட் திறனும், துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 13 மி.மீ. சக்கும் கொண்ட, மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இம்பாக்ட் டிரில் மெஷின் ஒன்றை வாங்கினேன். இன்றும் அதே மெஷின்தான் வீட்டில் இருக்கிறது. இடையில் இரண்டு முறை, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்ஷும் ஒரு முறை மின்கம்பியும் மாற்றியிருக்கிறேன். மோட்டார் ஒரு முறைகூடப் பழுதாகவில்லை.

செங்கல் சுவரில் 6 மி.மீ., 8 மி.மீ. துளைகளைச் சில நொடிகளில் போட்டுவிடுகிறது. மரத்துக்கும் இரும்புத் தகட்டுக்கும் தாராளமாகப் போதும். கான்கிரீட் லிண்டலிலும் கூரையிலும்தான் அதன் எல்லை தெரியும். இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு உலோக வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால்தான் அடி விழுகிறது. ஆகவே நாம் கையால் கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தே அதன் வேகமும் அமையும். ரோட்டரி ஹேமரிலோ, பிஸ்டன் அழுத்தும் காற்றே அடியைக் கொடுத்துவிடும். கூரையில் நிறையத் துளை போட வேண்டியவர்கள் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பதே நல்லது. இதை அறியாமல் முதல் ஆண்டில் கூரையில் மின்விசிறிக் கொக்கிக்காக இருபது நிமிடம் விடாமல் அழுத்தியதில், ஒரு பிட்டின் கார்பைடு முனை கருகிப்போனதுடன் மெஷினின் உடலும் தொட முடியாத அளவுக்குச் சூடானது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது, விரலை எடுத்த பிறகும் ஸ்விட்சை அழுத்திய நிலையிலேயே பிடித்துவைக்கும் பூட்டுப் பொத்தானைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் பரண் பலகையில் வரிசையாகத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, விரல் வலிக்கிறதே என்று அந்தப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தேன். பாதியில் மின்சாரம் போனது. மெஷின் நின்றுவிட்டதால் அதை மேசைமீது வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். பிளக்கை உருவவும் இல்லை, பொத்தானை விடுவிக்கவும் இல்லை. பத்து நிமிடத்தில் மின்சாரம் திரும்பியதும், ஆளில்லாத மேசையில் மெஷின் முழு வேகத்தில் சுழன்று, மேசையைக் கீறியபடியே நகர்ந்து தரையில் விழுந்தது. அப்போது ஆறு வயதாக இருந்த என் மகள் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கையில் பிடித்துச் செய்யும் வேலைக்கு அந்தப் பொத்தானை அதன்பின் நான் தொட்டதே இல்லை. மின்தடை வந்தால் முதல் வேலையாகப் பிளக்கை உருவுவதும், பிட் மாற்றும் முன் கட்டாயம் உருவுவதும் அன்றிலிருந்து ஏற்பட்ட பழக்கம்.

பெட்டியில் பக்கக் கைப்பிடி ஒன்றும் இருக்கும். இடைஞ்சல் என்று பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியிலோ கருங்கல் ஜல்லியிலோ பிட் சிக்கி நின்றுவிட்டால், சுழல வேண்டிய விசை முழுவதும் மெஷினின் உடலைத் திருப்பும். ஒற்றைக் கையால் பிடித்திருந்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். எனக்கு அப்படி முறுக்கிக்கொண்டு பத்து நாள் வலித்தது. ஏணியில் நிற்கும்போது இந்த முறுக்கு ஆளையே சாய்த்துவிடும் என்பதால், இரண்டு கையாலும் பிடித்து நிற்க இடமில்லாத உயரத்தில் நான் வேலை செய்வதில்லை. கையுறையும் போடுவதில்லை, ஏனெனில் சுழலும் பிட் துணியைப் பற்றிவிட்டால் விரலையும் சேர்த்தே இழுக்கும். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் வேட்டி நுனி எல்லாவற்றுக்கும் இதே காரணம் பொருந்தும். கண்ணாடியும் முகக்கவசமும் தவிர்க்கவே கூடாதவை: கான்கிரீட் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி, நாளடைவில் சிலிகோசிஸ் என்னும் நோயைத் தரக்கூடியது.

துளை போடுவதற்கு முன் சுவரைப் படிக்க வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் செல்லும் குழாய் புதைந்திருக்க வாய்ப்பு அதிகம். குளியலறையில் தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலும் கீழும் அப்படியே. அந்தக் கோடுகளை விட்டு ஓர் அடியாவது தள்ளியே நான் குறியிடுகிறேன். வீடு கட்டும்போது, பூச்சு வேலைக்கு முன் சுவர்களைப் படம் எடுத்து வைத்திருந்தது இதில் பெரிய உதவியாக இருக்கிறது.

டைல்ஸில் துளை போடுபவர்கள், அடித்துத் துளைக்கும் ஹேமர் நிலையை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். குறியிட்ட இடத்தில் காகித டேப் ஒட்டி, குறைந்த வேகத்தில் டைல்ஸைக் கடந்து, பிட் பின்னாலுள்ள சிமெண்டைத் தொட்டபிறகுதான் ஹேமரைப் போடலாம். சமையலறையில் இந்தப் பொறுமை இல்லாமல் இரண்டு டைல்ஸை விரிசல்விட வைத்தேன். இரும்புக்குக் கான்கிரீட் பிட் உதவாது, ஹெச்.எஸ்.எஸ். என்னும் கடின எஃகு பிட், மெதுவான வேகம், துளி எண்ணெய் மூன்றும் வேண்டும்.

பராமரிப்பில் முக்கியமானது கார்பன் பிரஷ். நான்காம் ஆண்டின் இறுதியில் காற்றுத் துளைகள் வழியாக வழக்கத்தைவிடப் பெரிய தீப்பொறி தெரிந்தது, ஓட்டம் விட்டுவிட்டு வந்தது, கருகல் வாடையும் சேர்ந்தது. கழற்றிப் பார்த்தபோது இரண்டு பிரஷ்களும் 5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தன. அப்படியே ஓட்டியிருந்தால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் செம்புப் பகுதி கருகியிருக்கும். அதை மாற்றும் செலவில் பாதிப் புது மெஷின் வாங்கிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியபின் சில நிமிடம் சுமையின்றி ஓடவிட்டால் புதிய பிரஷ்ஷின் முகம் அந்தச் செம்புப் பகுதியின் வளைவுக்குப் பொருந்திக்கொள்ளும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். சக்கின் தாடைகளுக்குள் தூசி இறங்காமலிருக்க, தலைக்கு மேல் துளை போடும்போது பிட்டை ஒரு காகிதக் கோப்பையின் அடியில் குத்தி நுழைத்துக்கொள்கிறேன். சக் சாவியை ஒரே துளையில் இறுக்கிவிட்டு விடாமல் மூன்று துளைகளிலும் இறுக்கினால் பிட் நழுவாது. இறுக்கியதும் சாவியை எடுத்துவிட்டோமா என்று பார்த்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும்.

ஆறாம் ஆண்டு மழைக்காலத்தில், கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்திருந்ததைக் கவனித்தேன். மின்கம்பியை மெஷினைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி வைத்த என் பழக்கமே காரணம். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழுக் கம்பியையும் மாற்றினேன். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்பு மெஷின் என்பதால் இதற்கு எர்த் கம்பி கிடையாது; ஆனால் உறை வெடித்தால் அந்தக் காப்பு எதற்கும் உதவாது. வீட்டு மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்ததும் அந்த மாதம்தான்.

இப்போது சக்கில் இலேசான ஆட்டம் தெரிகிறது. நுட்பமான மரவேலைக்கு இது இனி ஏற்றதல்ல, சுவர் வேலைக்குத் தடையில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டால் கொடுக்கத் தயங்குவதில்லை. கொடுக்கும்போது பிட் பெட்டியோடு கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்து, அந்தப் பூட்டுப் பொத்தானை அழுத்திக் காட்டி, எப்படி விடுவிப்பது என்பதை அவர்கள் கையாலேயே ஒரு முறை செய்ய வைத்த பிறகுதான் அனுப்புகிறேன்.