ஹெட்டைத் திறப்பதா, சம்ப்பை இறக்குவதா? ஆயில் பிரஷர் குறைந்த என் வண்டியின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கட்சி. போன வருஷம் என் பதினோரு வயசுப் பெட்ரோல் காரில் ஆயில் பிரஷர் குறைகிற பிரச்சினை வந்தபோது இரண்டு பட்டறையில் கேட்டேன். ஒருவர் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார், இன்னொருவர் கீழே சம்ப்பை இறக்கிப் பார்க்கலாம் என்றார். இரண்டாமவர் சொன்னபடி செய்தேன், அதனால் கீழே எழுதுவதில் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

அறிகுறி எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தமில்லை. அரை மணி நேரம் ஓட்டி எஞ்சின் சூடான பிறகு சிக்னலில் நின்றால் மேலே டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) பக்கம் டிக் டிக், ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் லைட் லேசாக மினுக்கும். ஆயில் அளவு சரியா, குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, பிரஷர் ஸ்விட்ச்சே கெட்டுவிட்டதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

"கெட்டி ஆயில் ஊத்துங்க, அடங்கிடும்" என்ற யோசனையும் வந்தது. 30 கிரேடு ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரியில் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும், 40 கிரேடு என்றால் 12.5-லிருந்து 16.3 வரை. அதனால் பிரஷர் காட்டும் முள் ஏறும், சத்தமும் குறையலாம். ஆனால் ஆயில் போகிற வழியில் தடை கூடினாலும் முள் ஏறத்தான் செய்யும், அதை வைத்து ஆயில் அதிகமாகப் போகிறது என்று சொல்ல முடியாது. உறிஞ்சுகிற இடத்திலேயே கோளாறு இருந்தால் கெட்டி ஆயில் அதை இன்னும் மோசமாக்கும், குளிரில் ஹெட்டுக்கு ஏறவும் நேரம் எடுக்கும். இது மருந்து இல்லை, தள்ளிப்போடல்.

இப்போது ஹெட். சத்தம் அங்கிருந்து வருவதால் நோயும் அங்கேதான் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் ஆயில் வருகிற வழியைப் பாருங்கள்: சம்ப், ஸ்ட்ரெய்னர் (ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலை), பம்ப், ஃபில்டர், பிளாக்கின் (ஹெட்டுக்குக் கீழே உள்ள எஞ்சின் உடல்) மெயின் கேலரி (ஆயில் ஓடும் முக்கிய வழி), அதற்கப்புறம்தான் கேஸ்கெட் (இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தகடு) வழியாக ஒரு சின்னத் துளையில் ஏறி ஹெட்டுக்குப் போகிறது. ஹெட் கடைமடை வயல் மாதிரி. மதகில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான், அதற்காகக் கடைமடையைத் தோண்டுவதில் பிரயோஜனம் இல்லை.

ஹெட்டைக் கழற்றுவதைவிடத் திரும்ப மூடுவதுதான் செலவு. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகள் கோணக் கணக்கில் இழுத்து முறுக்கப்படுபவை, ஒரு தடவை கழற்றினால் புது செட் போட வேண்டும். கேஸ்கெட் கண்டிப்பாகப் புதுசு. கழற்றியாகிவிட்டது என்பதால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது), அதோடு வால்வ் சீல், கூலன்ட், டைமிங் செயினைத் திரும்பப் பொருத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எனக்குச் சொன்ன எஸ்டிமேட் முப்பத்தைந்தாயிரம். இதில் எனக்கு உறுத்தியது, அலுமினிய ஹெட்களில் பெரும்பாலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நேராக அலுமினியத்திலேயே சுழலும், மாற்றிப் போட தனியாக பேரிங் ஷெல் கிடையாது. அந்த இடம் தேய்ந்திருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டிவரும். தேயவில்லை என்றால் திறந்ததே வீண். அதைப் பார்க்க ஹெட்டைக் கழற்றவே வேண்டாம், டாப்பெட் கவரைத் திறந்து கேம்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் ஒரு கேம் கேப்பைக் கழற்றினால் போதும், ஒரு கவர் கேஸ்கெட் செலவோடு முடியும். என் வண்டியில் கீறல் எதுவும் இல்லை.

சம்ப்பை இறக்குவதற்கு முன் மெக்கானிக் அண்ணன் ஒரு வேலை செய்தார், அதற்காகவே அவரிடம் வண்டியை விட்டேன். ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் முள் கேஜ் ஒன்றை மாட்டினார். சூடான எஞ்சினில் ஐடிலிங்கில் 7 பிஎஸ்ஐ. 2000 ஆர்பிஎம்மில் 18. ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, அதன்படி கொஞ்சம்தான் குறைவு. ஆனால் 3500-க்கு ரேஸ் கொடுத்தபோது முள் ஏறாமல் நடுங்கியது.

"பேரிங் தேஞ்சிருந்தா ஐடிலிங்ல விழும், ரேஸ்ல ஏறும் தம்பி. இது காத்தை உறிஞ்சுது" என்றார். அரை லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றினார், முள் நடுக்கம் குறைந்தது. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்போடு சேரும் மூட்டு ஆயிலுக்குள் மூழ்கினால் காற்று புக வழியில்லை, அவ்வளவுதான். (சோதனை முடிந்ததும் அந்தக் கூடுதல் ஆயிலை வடித்துவிடுங்கள், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அடித்து நுரையாக்கிவிடும்.)

சம்ப் இறங்கியது. ஸ்ட்ரெய்னர் வலையில் கால்வாசி கறுப்புக் களிம்பு, நடுவில் முன்பு ஏதோ ஒரு பட்டறையில் அள்ளி அப்பிய சிலிக்கான் பசையின் மணிகள். குழாய் மூட்டில் இருந்த ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) நகத்தால் அழுத்தினால் பதியவே இல்லை, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. ஓ-ரிங், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். இப்போது சூட்டில் ஐடிலிங்கில் 16, 2000-ல் 38.

சம்ப் வேலை எல்லா வண்டியிலும் சுலபம் இல்லை. சிலவற்றில் சைலன்சர் குழாயும் முன் சப்ஃபிரேமும் இறங்க வேண்டும். பம்ப் கிராங்கின் முன்முனையில் இருக்கும் எஞ்சினில் பம்ப்பையே மாற்ற வேண்டுமென்றால் டைமிங் கவரும் கழல வேண்டும், அப்போது இரண்டு வேலைக்கும் செலவு வித்தியாசம் சுருங்கிவிடும்.

ஹெட் கட்சிக்கும் ஒரு இடம் உண்டு. பிளாக்கில் கேஜ் நன்றாகக் காட்டி, ஹெட்டின் கேலரி பிளக்கைக் கழற்றி அங்கே மாட்டினால் மட்டும் விழுந்துகிடக்கிறது என்றால் ஏறும் துளையில்தான் அடைப்பு, அல்லது முன்பு ஹெட்டைத் திறந்தவர் துளை பொருந்தாத கேஸ்கெட்டைப் போட்டிருக்கிறார். அப்போது திறந்துதான் ஆக வேண்டும். வேரியபிள் வால்வ் டைமிங் (வால்வ் திறக்கும் நேரத்தை ஆயில் பிரஷரால் மாற்றும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் அதன் ஆயிலைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டின் குட்டி வலையை அதற்கு முன் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு போல்ட் வேலை.

என் வண்டி இதற்குப் பிறகு பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டீசலில் நான் கை வைத்ததும் இல்லை. டாப்பெட் சத்தம் இப்போது காலையில் மட்டும் இரண்டு விநாடி வரும். ஒரு லிஃப்டர் (ஆயில் நிரம்பி இயங்கும் டாப்பெட்) ஆயிலை வடித்துவிடுகிறது என்கிறார் அண்ணன், இப்போதைக்கு அதை விட்டுவைத்திருக்கிறேன்.