மூன்று மாதச் சம்பளம் கொடுத்துச் செய்த சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது

கோபம் ஆறின பிறகு நிதானமாக எழுது என்று வீட்டில் சொன்னார்கள். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கோணல்மாணலான சமையலறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருக்கும் யாராவது படித்தால் அவர்கள் பணமாவது தப்பட்டும். எப்படிச் சமாளிப்பது என்றும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். என் பணம், மூன்று மாதச் சம்பளம், போனது போனதுதான்.

பெயர் போடப் போவதில்லை. ஆன்லைனில் ஆர்டர் எடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பி அளந்து, எங்கோ இருக்கும் ஃபேக்டரியில் கேபினெட் செய்து, கொண்டுவந்து மாட்டிக்கொடுக்கும் இன்டீரியர் கம்பெனி. அந்த வகையில் ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் சமையலறை ஆரம்பத்திலிருந்தே இடக்குமுடக்கு. ஒரு மூலையில் தூண் துருத்திக்கொண்டு நிற்கும். குழாய் ஜன்னல் பக்கத்துச் சுவரில் மட்டும்தான். எதிர்ச்சுவரில் பாதியை வாசல் தின்றுவிடும். ஃபிரிட்ஜை எங்கே வைத்தாலும் எதையாவது மறைக்கும் என்பதால் அது இத்தனை காலமும் ஹாலில்தான் நின்றது. டிஷ்வாஷர் வேறு வாங்கியாயிற்று. சரி, இனிமேல் வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவோம் என்றுதான் இவர்களைக் கூப்பிட்டோம்.

வந்தவர் லேசர் கருவி வைத்து அளந்தார். தூணை அளந்தார், ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தார், சுவர் சாய்ந்திருக்கிறதா என்று கூடப் பார்த்தார். அதுவரை எனக்குப் பாதி மனசுதான். அப்புறம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மேடம், நீங்க எந்தக் கையால கரண்டி பிடிப்பீங்க?"

நான் இடது கைக்காரி. இத்தனை வருடத்தில் எந்த வீட்டிலும், எந்தக் கடையிலும், என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. வலது கைக்காரர்களுக்கென்று போட்ட மேடையில் முழங்கையை இடித்துக்கொண்டே காலம் தள்ளியவள் நான். "இடது கையா? அப்ப டிஷ்வாஷரை சிங்க்குக்கு வலது பக்கம் வெச்சுடலாம். இடது கையால தேய்ச்சு, தட்டு பிடிச்ச வலது கையால அப்படியே உள்ள வெச்சுடலாம்" என்றார். அது சரியான பேச்சு, இன்றைக்கும் சொல்வேன். நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் மூன்று மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

அடுத்து முப்பரிமாணப் படம் வந்தது. பூச்சாடி, ஜன்னல் வழியே மஞ்சள் வெயில். எங்கள் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். படத்தின் மேல் ஒரு முக்கோணம் வரைந்து, "ஒர்க் ட்ரையாங்கிள் பக்காவா இருக்கு மேடம்" என்றார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்த கணக்கு அது. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மொத்தம் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் படத்தில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று புள்ளிக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்தால் எதில் இடிக்கும் என்று அந்த முக்கோணத்துக்குத் தெரியாது. வரைந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பலகை வெட்ட ஆரம்பிக்கும் முன்பே முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினோம்.

மாட்டி முடித்த அன்று ஃபிரிட்ஜை அதற்கென்று செய்த கூட்டுக்குள் தள்ளினோம். கீல் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி. கதவு 90 டிகிரி கூட முழுசாகத் திறக்கவில்லை, கைப்பிடி சுவரில் 'டக்' என்று இடித்து நின்றது. காய் வைக்கும் ட்ரேயை இழுத்தால் கதவுத் தட்டின் விளிம்பில் முட்டுகிறது. கதவில் இருக்கும் பாட்டில்களை எடுத்துத் தரையில் வைத்து, தட்டைக் கழற்றி, ட்ரேயைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தால்தான் வெளியே வரும். டிஷ்வாஷர் வலது பக்கம் இல்லை. இடது பக்கத்து மூலையில், சிங்க்குக்குக் குறுக்கே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் கதவைத் திறந்தால் அரை மீட்டருக்கு மேல் நீண்டு, நான் நிற்க வேண்டிய இடத்தில் வந்து விழுகிறது. கழுவுகிறவள் எங்கே நிற்பது? மற்ற மூலையில் ஒரு ட்ராயரை இழுத்தால் பக்கத்து ட்ராயரின் கைப்பிடி மறிக்கிறது. மைக்ரோவேவ் என் தலைக்கு மேல். சூடான பாத்திரத்தை அண்ணாந்து இறக்க வேண்டுமாம்.

மாட்ட வந்தவர்களிடம் கேட்டேன். "நாங்க ஃபிட்டிங் மட்டும்தான் மேடம், டிசைன் வேற டீம்." பணம் கட்டும்வரை முதல் ரிங்கிலேயே எடுத்த டிசைனர், "மீட்டிங்ல இருக்கேன், கூப்பிடுறேன்" என்றார். அப்புறம் அந்த நம்பரை வேறொருவர் எடுத்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார். கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள். யாரும் வந்து எட்டிக்கூடப் பார்க்காமலே 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. மறுபடி கூப்பிட்டதற்கு ஒரு மேனேஜர் பேசினார். டிராயிங்கில் நான் ஒப்புதல் கொடுத்திருக்கிறேனாம். அந்த டிராயிங்கில் ஒரு கதவாவது திறந்திருந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. இடது கை விஷயத்தைச் சொன்னால், "அப்படி ஒரு நோட்டே ஃபைல்ல இல்லையே மேடம்." மாற்றித் தர வேண்டுமென்றால் புது ஆர்டர், புதுப் பணம். கடைசியாகச் சொன்னதுதான் இன்னும் காதில் எரிகிறது: "கொஞ்ச நாள்ல பழகிடும் மேடம்."

பழகிக்கொள்வதற்கா மூன்று மாதச் சம்பளம்? பழைய அடுப்படி ஓசியில் இருந்ததே, அதிலேயே பழகித் தொலைத்திருப்பேனே!

தெரிந்த கார்பென்டர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். சாதாரண டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, மூலை சேரும் இடத்தில் 5 முதல் 8 செ.மீ. வெறும் பலகை விட்டிருந்தால் கைப்பிடிகள் இடித்திருக்காது என்றார். ஃபில்லர் என்பார்களாம். ஃபிரிட்ஜுக்கும் அப்படித்தான், கீல் பக்கம் ஒரு சின்ன இடைவெளி போதும். இப்போது ட்ராயர் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு விளிம்பைப் பிடித்து இழுக்கிறோம். ஃபிரிட்ஜ் ஹாலுக்கே திரும்பிப் போய்விட்டது, அதன் கூட்டில் துடைப்பம் நிற்கிறது. டிஷ்வாஷருக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. குழாயையும் வடிகாலையும் மாற்றாமல் அதை நகர்த்த முடியாது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். அழகுப் படத்தை ஓரம் வையுங்கள். மேலிருந்து பார்க்கிற பிளானில் ஃபிரிட்ஜ், ஓவன், டிஷ்வாஷர், ட்ராயர் எல்லாம் திறந்த நிலையில் வரைந்து கேளுங்கள், தர மறுத்தால் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் மேனுவலில் கதவு முழுசாகத் திறக்க எவ்வளவு இடம், காற்றுக்கு எவ்வளவு இடம் என்று போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். சில மாடல்களில் கதவின் கீலை மறுபக்கம் மாற்றலாம், குறுகலான அறைக்கு அதைப் பார்த்து வாங்குங்கள். ஒருவர் நின்று வேலை செய்யும் நடைவழிக்கு 105 செ.மீ.யாவது வேண்டும். தரையில் சாக்பீஸால் கதவுகளின் வீச்சை வரைந்து நின்று பாருங்கள். வாயால் சொன்னது எதுவும் கணக்கில்லை, எந்தக் கை என்பது உட்பட மெயிலில் எழுதி வாங்குங்கள். முழுத்தொகையை முன்னால் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசித் தவணையை, எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.