பிளட் ரெட் ஸ்கைஸ்: இருபத்து நான்கு விமானங்களும் ஒரு மேசையும்

மினியேச்சர் விமானங்களை வைத்து மேசையில் ஆடும் வான்போர் ஆட்டங்களுள் பெரும்பாலானவை இரண்டு அல்லது நான்கு விமானங்கள் இருக்கும்வரை அழகாக ஓடும். எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் திணறத் தொடங்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் வேகம், உயரம், சேதம் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டியிருப்பதுதான் முதன்மையான காரணம். ‘செக் யுவர் சிக்ஸ்’ ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே இரகசியமாக எழுதி வைத்து, பிறகு நகர்த்த வேண்டும். முதல் உலகப் போரைக் களமாகக் கொண்ட ‘விங்ஸ் ஆஃப் குளோரி’யில் ஒரு விமானத்துக்கு ஒரு சுற்றுக்கு மூன்று அட்டைகளைத் தேர்ந்து கவிழ்த்து வைக்க வேண்டும்; ஒருவர் ஆறு விமானங்களை நடத்தினால் பதினெட்டு அட்டைகள் ஆகிவிடும். இவ்விரண்டும் நான் விரும்பி ஆடுபவையே. ஆயினும் பன்னிரண்டு விமானங்கள் அளவிலான ஒரு முழு ஸ்குவாட்ரனை (விமானப்படைப் பிரிவை) மேசையில் பறக்கவிட வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசைக்கு இவை இடம் கொடுக்கவில்லை.

வார்லார்ட் கேம்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘பிளட் ரெட் ஸ்கைஸ்’ அந்த ஆசைக்கு மிக அருகில் வருகிறது. ஆட்டத்தை வடிவமைத்தவர் ஆண்டி சேம்பர்ஸ். 1940இல் பிரிட்டனுக்கு மேலே நடந்த வான்போரை அடிப்படையாகக் கொண்ட தொடக்கப் பெட்டியில் 1:200 அளவில் பிரிட்டனின் ஆறு ஸ்பிட்ஃபயர்களும் ஜெர்மனியின் ஆறு மெஸ்ஸர்ஷ்மிட் 109களும் உள்ளன. இதன் சிறப்பு முழுவதும் விமானத்தைத் தாங்கி நிற்கும் தண்டில் இருக்கிறது. தண்டின் தலைப்பகுதி முன்னும் பின்னும் சாயும்: மூக்கு மேல்நோக்கி நின்றால் அந்த விமானம் மேல்நிலையில் இருக்கிறது, கிடையாக நின்றால் சமநிலை, கீழ்நோக்கினால் தாழ்நிலை. உயரமும் வேகமும் விமானியின் விழிப்பும் ஆகிய எல்லாம் சேர்ந்து தரும் வாய்ப்பு இந்த ஒரே சாய்வுக்குள் அடங்கிவிடுகிறது. எத்தனை ஆயிரம் அடி உயரம் என்ற கணக்கே கிடையாது.

தன்னைவிடத் தாழ்ந்த நிலையில் இருக்கும் எதிரியை மட்டுமே ஒரு விமானம் சுட முடியும் என்பது அடிப்படை விதி. ஆகவே சுடுவதற்கு முன்னர், மேலேறித் தன் நிலையை உயர்த்திக்கொள்ள வேண்டும், அல்லது எதிரியைத் திறமையால் மடக்கி அவன் நிலையை ஒரு படி இறக்க வேண்டும். ஆபத்தான நேரத்தில் தன் நிலையைத் தானே ஒரு படி விட்டுக்கொடுத்துக் கூடுதல் அசைவைப் பெறவும் வழி உண்டு. இவை அனைத்தையும் கண்ணாலேயே படிக்க முடிகிறது. மேசையின் ஒரு மூலையில் நான்கு மூக்குகள் தாழ்ந்திருந்தால் அங்கே ஓர் அணி சிக்கலில் இருக்கிறது என்பதை எந்தத் தாளையும் புரட்டாமல் அறியலாம். பெரிய அணிவகுப்பை நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பக்கத்துக்கு ஆறு என்ற அளவில், மூன்றடிக்கு மூன்றடிப் பரப்பில், ஆட்டம் குறையின்றி நடக்கிறது. எட்டுவரை கூட்டினாலும் தாங்குகிறது. நாங்கள் நால்வர் இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் பக்கத்துக்குப் பன்னிரண்டு என ஆடியபோதுதான் விதிகளின் எல்லை தெரிந்தது. மேல்நிலை விமானங்கள் முதலிலும், சமநிலை அடுத்தும், தாழ்நிலை கடைசியிலும் நகர வேண்டும். ஒவ்வொரு நிலைக்குள்ளும் திறன் மிகுந்த விமானி முந்துவார். பன்னிரண்டு விமானங்களுக்கு இந்த வரிசை ஒரு பார்வையில் பிடிபடும். இருபத்து நான்குக்கோ, அடுத்து யார் என்று தேடுவதிலேயே நேரம் போகிறது.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. தலைவரும் அவருக்குத் துணையாகப் பறப்பவரும் ஒரே நிலையில் இருக்கும்வரை தலைவர் முந்தி நகர, துணைவர் பின்தொடர்வது இயல்பாக அமைகிறது. தலைவரின் மூக்கு ஒரு படி தாழ்ந்ததும் வரிசை தலைகீழாகிறது: மேல்நிலையில் எஞ்சிய துணைவர் முதலில் நகர்ந்துவிட, தலைவர் வெகுநேரம் கழித்து வேறொரு திசையில் போகிறார். இரண்டு மூன்று சுற்றுகளில் ஜோடிகள் சிதறி, வானம் முழுவதும் தனித்தனிச் சண்டைகளாகிவிடும். போர் விமானங்கள் அவ்வாறு சிதறியது உண்மைதான் என்று வாதிடலாம். எனினும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மன் விமானி வெர்னர் மோல்டர்ஸ் வளர்த்தெடுத்த நான்கு விமான அணி, இரண்டிரண்டாகப் பிரிந்தாலும் ஜோடி உடையக் கூடாது என்ற எண்ணத்தின் மேல் எழுந்தது. 1940இல் பிரிட்டிஷார் கடைப்பிடித்த மூன்று விமான வி-வடிவத்திலோ, பக்கத்து விமானத்தோடு மோதாமல் இடம் காப்பதிலேயே விமானிகளின் கவனம் செலவானது. அதனால் அவர்களும் பின்னர் நால்வர் அணிக்கு மாறினார்கள். இந்த வேறுபாடு மேசையில் தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

ஆகவே நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொரு நால்வர் அணிக்கும் ஒரு நிற வளையத்தைத் தண்டின் அடியில் மாட்டினோம். ஜோடியில் யாருடைய முறை முதலில் வந்தாலும், மற்றவர் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால் அவரும் உடனே நகரலாம். அதைத் தாண்டியிருந்தால் ஆட்டத்தின் வழக்கமான வரிசையே பொருந்தும். ஜோடியாக இருப்பதற்கு இப்போது ஒரு பயன் உண்டு, பிரிவதற்கு ஒரு விலை உண்டு. மூவர் அணியாகப் பறப்பவருக்கு இந்த எல்லையை மூன்று அங்குலமாகக் குறைத்தோம். நெருங்கிப் பறக்கும் சிரமம் அப்போது விரல்களுக்கே புரிகிறது.

சேதக் கணக்கு பெரிய ஆட்டத்தில் என் எதிர்பார்ப்பைவிட நன்றாக இருந்தது. அடிபடும் விமானம் தப்பினாலும் அதன் அணிக்கு ‘பூம்’ சில்லு சேரும். சில்லுகள் மிஞ்சியிருக்கும் விமானங்களைவிட அதிகமானால் அந்தப் பக்கம் போரை விட்டு விலக வேண்டும். கடைசி விமானம் விழும்வரை யாரும் சண்டையிடத் தேவையில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானதளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானி டக்ளஸ் பேடர் தலைமையில் ஐந்து ஸ்குவாட்ரன்கள் ஒன்றாக வந்தபோது, அவர்கள் வீழ்த்தியதாகச் சொன்ன விமானங்களின் எண்ணிக்கை மிகையானது என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் அத்தனை விமானங்களை ஒன்றாகக் கண்ட ஜெர்மன் விமானிகளின் மனத்தில் விழுந்த அடி உண்மையானது. அந்த மன அடியை அளக்க இந்தச் சில்லுகள் பொருத்தமான கருவி. பன்னிரண்டுக்கு மேல் போகும்போது மட்டும், ஒரு மூலையில் விழும் அடி மறு மூலையில் நலமாக இருக்கும் அணியையும் இழுத்துவிடாதபடி, நால்வர் அணிதோறும் தனிச் சில்லுக் குவியல் வைப்பது நல்லது.

குண்டுவீச்சு விமானங்களைத் தனித்தனித் தண்டுகளில் நகர்த்துவது வீண் உழைப்பு. அமெரிக்க பி-17கள் ஒன்றையொன்று காக்கும்படி அடுக்கடுக்கான பெட்டி வடிவில் பறந்தன. அந்த வடிவம் கலையாமல் இருப்பதுதான் அவற்றின் கவசம். அந்தக் கவசத்துக்கும் எல்லை இருந்தது: 1943 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபுர்ட் நகரங்களை நோக்கிச் சென்ற 376 விமானங்களில் 60 திரும்பவில்லை. நாங்கள் ஆறு குண்டுவீச்சு விமானங்களை ஒரே அட்டைத் தட்டில் வைத்து ஒரே அசைவாக நகர்த்துகிறோம். அடிபட்டுப் பின்தங்கும் விமானம் தட்டிலிருந்து இறங்கித் தனியாகும். எதிரி வேட்டை விமானங்கள் அதைத் தேடி வரும் காட்சி ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிசைகிறது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரே பெட்டியோடு நான்கைந்து முறை ஆடிப் பழகிய பிறகே இரண்டாவதை வாங்கலாம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் ஆறடிக்கு நான்கடி மேசை வேண்டும். அதைவிடச் சிறிய இடத்தில் தண்டுகள் நெருங்கி, சட்டைக் கை பட்டு மூக்குகள் தாமாகச் சாய்ந்துவிடும். ஒருவருக்கு ஆறு விமானங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம். எங்கள் முதல் பெரிய ஆட்டம் ஐந்து மணி நேரம் இழுத்தது. வளையங்களும் ஜோடி விதியும் வந்த பிறகு அதே போர் மூன்று மணி நேரத்தில் முடிகிறது.