வஞ்சிரத்தின் பல்லுக்கு எந்த பிரெய்ட் தாங்கும்?

கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் போயிருந்தோம். விடிந்தும் விடியாத நேரம். லூரை (செயற்கை இரையை) எறிந்து நாலு சுற்று சுற்றியிருப்பேன், படாரென்று ஓர் அடி. ரீல் கிர்ரென்று ஓடியது. அப்புறம் ஒன்றுமே இல்லை. நரம்பைச் சுற்றியெடுத்துப் பார்த்தால் முனை கத்தரியால் நறுக்கியதுபோல நேராக இருந்தது. முடிச்சு வழுக்கியிருந்தால் முனை சுருண்டு கிடந்திருக்கும். படகோட்டி அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார்: "கம்பி போடலையா தம்பி?"

நான் போடவில்லை. 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்ட் (இழைகளைப் பின்னிய தூண்டில் நரம்பு), எட்டு இழை, போதாதா என்று நினைத்திருந்தேன். லூர் போனதைவிட, மூன்று முள் தூண்டிலை வாயில் சுமந்துகொண்டு அந்த மீன் போனதுதான் மனதை உறுத்தியது. அதற்குப் பிறகு நாலு இழை, எட்டு இழை, கலப்பு நூல் எல்லாவற்றையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். பல்லுள்ள மீனுக்கு எந்த பிரெய்ட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரெய்ட் எல்லாமே அனேகமாக ஒரே பொருள்தான்: மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎதிலீன். நெதர்லாந்தில் உருவானது டைனீமா, அமெரிக்காவிலிருந்து வந்தது ஸ்பெக்ட்ரா. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு இழுவை தாங்கும். கத்தி வெட்டாத கையுறைகளையும் இந்த நூலில்தான் நெய்கிறார்கள். "கையுறையையே கத்தி வெட்டாது, மீன் பல் எப்படி வெட்டும்?" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். கையுறையில் நூல் தளர்வாகக் கிடக்கிறது, கத்தி பட்டால் விலகிக் கொடுக்கிறது. பல கையுறைகளில் கண்ணாடி இழையோ எஃகு இழையோ சேர்ந்தும் இருக்கும். தூண்டில் நரம்போ மீன் இழுக்கும்போது வீணைத் தந்திபோல விறைத்து நிற்கிறது. விறைத்த நூலில் பல் பட்டதும் மெல்லிய இழைகள் சில அறும். அவற்றின் பாரம் மிச்ச இழைகள்மேல் விழும், அவையும் அறும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

தடிமனும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. 40 பவுண்டு நைலான் நரம்பு (தெற்கே தங்கூசி என்பார்கள்) சுமார் 0.6 மி.மீ. இருக்கும். அதே பலமுள்ள பிரெய்ட் 0.3 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். தூரமாக எறிய அது வரம். பல்லுக்கு முன்னால் அதுவே பலவீனம்.

சரி, பிரெய்டுகளுக்குள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது.

நாலு இழை பிரெய்டில் ஒவ்வொரு இழையும் தடித்தது, பின்னல் சொரசொரப்பானது. ராடின் வளையங்களில் சர்ரென்று சத்தம் போடும், எறியும் தூரமும் கொஞ்சம் குறையும். ஆனால் பாறை, மட்டி, பாலத்தூணின் சிப்பி ஆகியவற்றில் உரசினால் எட்டு இழையைவிடத் தாங்கும். விலையும் குறைவு. எட்டு இழை உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். சத்தமில்லாமல் நெடுந்தூரம் பாயும். அதன் ஒவ்வொரு இழையும் மெல்லியது என்பதால் அதே உரசலில் சீக்கிரம் அறும், பலமும் சட்டென்று இறங்கிவிடும். கலப்பு பிரெய்டில் எனக்குப் பழக்கமானது சஃபிக்ஸ் 832. ஏழு டைனீமா இழைகளோடு கோர் (Gore) நிறுவனத்தின் இழை ஒன்றைச் சேர்த்துப் பின்னியது. பெயரிலுள்ள 8 இழைகளின் எண்ணிக்கை, 32 ஓர் அங்குலத்துக்கான பின்னல். உரசலை நன்றாகவே தாங்குகிறது, எறியவும் சுகம்.

ஒரு வஞ்சிரத்தின் தாடையைக் காயவைத்து வைத்திருக்கிறேன். மூன்று வகை நரம்பிலும் தலா ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு அந்தப் பல்லில் இழுத்துப் பார்த்தேன். எட்டு இழை முதல் இழுப்பிலேயே போனது. நாலு இழையும் கலப்பும் இரண்டாவது இழுப்புக்கு வந்தன. வித்தியாசம் அவ்வளவுதான். ஓடுகிற வஞ்சிரம் ஒரே விநாடியில் எத்தனை முறை தலையை ஆட்டும் என்று பார்த்தவர்களுக்கு, அந்த ஓர் இழுப்பு ஆதாயத்தை நம்பிக் காசு செலவழிக்கத் தோன்றாது. அதனால் பிரெய்டை எறியும் தூரத்துக்கும் பாறைக்கும் பார்த்து வாங்குங்கள். பல்லைக் கவனிக்க வேண்டியது கடைசி ஒரு முழம்.

அந்த ஒரு முழத்தில்தான் உண்மையான போட்டி. எந்தப் பல் என்பதையும் பார்க்க வேண்டும். வஞ்சிரத்துக்கு (தெற்கே நெய்மீன், இலங்கையில் அறுக்குளா) தட்டையான முக்கோணப் பற்கள், விளிம்பெல்லாம் கத்தி. பாரகுடாவுக்குக் கோரைப் பற்கள். சாவாளைக்கு முன்பற்கள் கொக்கிபோல முள் வைத்தவை. பேத்தை மீனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலே பல், கிளியலகு மாதிரி. அடியில் இரை போட்டு உட்கார்ந்தால் சத்தமில்லாமல் நறுக்கிவிட்டுப் போவது பெரும்பாலும் அதுதான்.

ஃப்ளூரோகார்பன் லீடர் (பிரெய்டின் முனையில், லூருக்கு முன்னால் கட்டும் தனித்துண்டு நரம்பு) தண்ணீரில் எளிதில் தெரியாது, நைலானைவிடக் கனம், கடினம். 80 பவுண்டு என்றால் தடிமன் 0.8 மி.மீ.யை ஒட்டி வரும். பாரகுடாவின் பல் அதில் கீறலோடு வழுக்கிவிடுவது உண்டு. வஞ்சிரத்திடம் அது அதிர்ஷ்டம் சார்ந்தது. நீளமான லூராக இருந்து, மீன் வாலைப் பிடித்திருந்தால் லீடர் வாய்க்குள் போகாது, தப்பிக்கும். லூரை முழுசாக விழுங்கியிருந்தால் போச்சு. தண்ணீர் தெளிந்து மீன் சந்தேகப்படும் நாளில் மட்டும் நான் இதைத் தனியாக நம்புவேன்.

ஒற்றை எஃகுக் கம்பிதான் நம் கடற்கரையில் தலைமுறையாக வஞ்சிரத்துக்குப் போடுவது. அதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் கருத்து. அமெரிக்கக் கணக்கில் 7-ஆம் எண் கம்பி 0.46 மி.மீ.தான், சுமார் 69 பவுண்டு தாங்கும். அதே பலமுள்ள ஃப்ளூரோகார்பனைவிட மெல்லியது, அதனால் கண்ணுக்கும் உறுத்தாது. குறை ஒன்றுண்டு: மடிந்தால் அந்த மடிப்பில் முறியும். ஒரு மீனுக்குப் பிறகு நெளிந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். முடிச்சுப் போட முடியாது. கம்பியைக் கோத்து மடக்கி, அதன் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சமமாகச் சுற்றுவதுபோல முறுக்கி, கடைசியில் நெருக்கமாக நாலு சுற்று சுற்ற வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது மட்டும் அதைச் சுற்றினால் இழுவையில் உருவிக்கொண்டு வரும்.

ஏழு புரி, நாற்பத்தொன்பது புரிக் கம்பிகள் வளைந்து கொடுக்கும், லூரின் ஆட்டம் கெடாது. சாவாளைக்கு மெல்லிய ஏழு புரிக் கம்பி போதும். ஆனால் புரிகள் ஒவ்வொன்றாக அறுந்து பிசிறும், விரலைக் குத்தும்போதுதான் தெரியவரும். டைட்டானியம் கம்பி மடியாது, எத்தனை மீனுக்குப் பிறகும் நேராகவே நிற்கும். விலை கூடுதல். நிறையப் பிடிப்பவருக்குக் கட்டுபடியாகும், மாதம் ஒருமுறை போகிறவருக்குத் தேவையில்லை. கெவ்லார் நூல் வெட்டைத் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். தூண்டிலைக் கட்டும் குட்டைக் கயிறாக அது நல்லது. வெயிலில் நலிந்துபோகும் என்பதால் அதற்குமேல் நான் நம்புவதில்லை.

இப்போது என் ராடில் இருப்பது இது: கரையிலிருந்து எறிய எட்டு இழை, பி.இ. 2 (பி.இ. என்பது பிரெய்டின் தடிமனைக் குறிக்கும் ஜப்பானிய எண்; இது 0.235 மி.மீ.), பாலத்தடிக்கும் பாறைக்கும் நாலு இழை, பி.இ. 3. அதில் எஃப்.ஜி. முடிச்சு (பிரெய்டை லீடர்மேல் மாறி மாறிச் சுற்றி இறுக்கும் முடிச்சு) போட்டு ஒன்றரை மீட்டர் 60 பவுண்டு ஃப்ளூரோகார்பன். பிரெய்ட் வழுக்கும் நூல், சாதாரண முடிச்சு நிற்காது. அதோடு சூட்டில் இளகுவதால் முடிச்சை இறுக்கும்போது எச்சில் தொட்டு நனைப்பது கட்டாயம். வஞ்சிரம் ஓடும் நாளில் அதன் முனையில் ஒரு சாண் ஒற்றைக் கம்பி. உயிர் இரை போட்டால் இரண்டு சாண், ஏனென்றால் வஞ்சிரம் பின்னாலிருந்து வந்து இரையைப் பாதியாக நறுக்கும், அடுத்த கடியில் கம்பிக்கு மேலேயும் வாய் வரும். நரம்பையும் கம்பியையும் இணைக்கும் சுழல் வளையமான ஸ்விவல் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளியாகப் பளபளத்தால் அதையே குட்டி மீன் என்று கடித்து, கம்பிக்கு மேலே நரம்பை அறுத்துவிடும் மீன்கள் உண்டு.

கொடுவாய்க்கு மட்டும் கம்பி வேண்டாம். அதற்கு அறுக்கும் பல் கிடையாது. செவுள் மூடியின் ஓரம்தான் அறுக்கும். முகத்துவாரத்தில் அதற்கு 50 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தாராளம், கம்பியைப் போட்டால் பக்கத்திலேயே வராது.

மீன் ஏறிய பிறகு, அடுத்த எறிக்கு முன், லீடரையும் பிரெய்டின் கடைசி இரண்டு மீட்டரையும் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். எங்காவது சொரசொரப்புத் தட்டினால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி மறுபடி முடியுங்கள். எவ்வளவு மீன் கூடியிருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தை நான் இப்போது விடுவதில்லை.