ஆறு ஆண்டு ஸ்கைரிம் மாடிங்: பொருள்களைத் தரையில் ஒழுங்காக நிறுத்திய அனுபவம்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு நானே வடிவமைத்த மேசை, புத்தக அலமாரி, விளக்குத் தூண், மரப்படி போன்றவற்றை ஆறு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன்; விளையாட்டை இப்படி மாற்றியமைப்பதே மாடிங். வடிவத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து, விளையாட்டு படிக்கும் நிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் நிஃப்ஸ்கோப்பில் திறந்து சரிபார்த்து, கடைசியாக விளையாட்டின் உலகைத் திருத்தும் கருவியான கிரியேஷன் கிட்டில் அறைக்குள் வைப்பது என் வழக்கம். இத்தனை காலம் இந்த மூன்று கருவிகளையும் புழங்கிய பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: ஒரு பொருள் தவறாக நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் அதை வைத்த இடத்தில் இருப்பதில்லை, அதைச் செய்த இடத்தில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் இது எனக்குப் புரியவில்லை. மேசை தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் மிதந்தால், கிரியேஷன் கிட்டில் அதன் உயரத்தைக் குறிக்கும் இசட் மதிப்பைக் குறைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். ஒரு விடுதிக்குள் அதே மேசையை 11 இடங்களில் வைத்தபோது 11 முறையும் அதே திருத்தத்தைச் செய்ய நேர்ந்தது. சுவரை ஒட்டித் திருப்பினாலோ, மேசை தன் நடுவில் சுழலாமல், வெளியே எங்கோ உள்ள ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமடித்தது. பிளெண்டரில் திறந்து பார்த்தபோது, பொருளின் ஆதாரப் புள்ளியான ஆரிஜின் மேசையின் கால்களை விட்டு விலகித் தனியே கிடந்தது. விளையாட்டு ஒரு பொருளின் இருப்பிடமாக நினைவில் வைப்பது அந்த ஒரு புள்ளியைத்தான்; அதன் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகளும் மூன்று கோணங்களும் ஒரு ஸ்கேல் (அளவு விகித) எண்ணும் தவிர மெஷ்ஷின், அதாவது பொருளின் முப்பரிமாண வடிவத்தின், நிலையைப் பற்றி அதற்கு வேறெதுவும் தெரியாது.

அன்று முதல், தரையில் நிற்கும் பொருளுக்கு ஆரிஜினை அடிப்பகுதியின் நடுவிலும், சுவரில் மாட்டும் பொருளுக்குப் பின்பக்கத்தின் நடுவிலும், கதவுக்குக் கீல் இருக்கும் அச்சிலும் வைக்கிறேன். இதை முதல் பொருளை அறையில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஏனெனில், அன்று ஆரிஜினைத் திருத்தி மெஷ்ஷை மாற்றியதும், நான் கையால் இறக்கி வைத்திருந்த 11 மேசைகளும் ஒரே நேரத்தில் தரைக்குள் புதைந்தன.

அடுத்தது ஸ்கேல். ஸ்கைரிமில் 128 அலகு என்பது ஏறத்தாழ 6 அடி. அதாவது ஒரு மீட்டருக்குச் சுமார் 70 அலகு. பிளெண்டரில் 0.75 மீட்டர் உயரத்தில் செய்த மேசை எந்தப் பெருக்கலும் இல்லாமல் உள்ளே போனால் ஒரு சென்டிமீட்டர் உயரப் பொம்மையாகிவிடும். இது கண்ணுக்குத் தெரிந்துவிடும் பிழை என்பதால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது, பொருளை முழுதாகக் கையாளும் ஆப்ஜெக்ட் மோடில் பெரிதாக்கிவிட்டு அப்ளை செய்யாமல், அதாவது மெஷ்ஷிலேயே பதிக்காமல், விட்ட ஸ்கேலுக்கு. ஏற்றுமதிக்கு முன் பக்கப் பலகையில் ஸ்கேல் மூன்றும் 1 என்றும் ரொட்டேஷன் மூன்றும் 0 என்றும் இருக்கின்றனவா எனப் பார்த்து, இல்லையென்றால் கன்ட்ரோலும் ஏ விசையும் அழுத்தி அப்ளை செய்வதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிய பொருளில் ஸ்கேல் எதிர்மறையாக இருக்கும். அதை அப்ளை செய்த பின் மெஷ்ஷின் முகங்கள் பார்க்கும் திசையை நிறத்தால் காட்டும் ஃபேஸ் ஓரியன்டேஷனை இயக்கி, வெளிப்புறம் முழுவதும் நீலமாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிவப்பாகத் தெரியும் முகங்கள் உட்புறம் பார்த்துத் திரும்பியவை.

என்னை அதிகம் அலைக்கழித்தது கொலிஷன், அதாவது எதிர்ப்படுபவை முட்டி நிற்கும் கண்ணுக்குத் தெரியாத தடை வடிவம். ஒருமுறை புத்தக அலமாரி சுவரோடு மிக அழகாகப் பொருந்தி நின்றது. ஆனால் விளையாட்டின் கதாபாத்திரத்தை அதன் அருகே நடத்தினால் இரண்டடி முன்பாகவே எதிலோ முட்டி நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடையின் வடிவத்தை அறிய, வில்லை எடுத்து அந்தப் பக்கமாக அம்புகளை எய்து பார்த்தேன். சில அம்புகள் அலமாரியின் பலகையை ஊடுருவிச் சென்று பின்சுவரில் தைத்தன. சில அம்புகள் அலமாரிக்கு முன்னால் வெறுங்காற்றில் குத்தி நின்றன. இருபது அம்புகள் எய்து முடித்தபோது, அறையின் நடுவில் இன்னோர் அலமாரியின் விளிம்பு அம்புகளாலேயே வரைந்ததுபோல் தெரிந்தது. நிஃப்ஸ்கோப்பில் பார்த்தால், கொலிஷனுக்கான இடமாற்ற மதிப்பு கோப்பில் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பகுதியின் வகை பிஎச்கே ரிஜிட் பாடி என்று இருந்தது. இந்த வகை, தன்னுள் எழுதியுள்ள இடமாற்றத்தையும் சுழற்சியையும் பொருட்படுத்தாது. இறுதியில் டி என்ற எழுத்துடன் வரும் பிஎச்கே ரிஜிட் பாடி டி வகைதான் அவற்றைப் பின்பற்றும். வகையை மாற்றியதும் தடை அலமாரியோடு சேர்ந்துகொண்டது. அந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.

மெஷ்ஷை மட்டும் நகர்த்திவிட்டு அதன் எல்லைக்கோளத்தின் (பொருள் திரையில் தெரியுமா என்று விளையாட்டு கணிக்க, அதைச் சுற்றி வரையும் கற்பனைக் கோளத்தின்) மையத்தையும் ஆரத்தையும் புதுப்பிக்காமல் விட்டால், பொருள் திரையின் ஓரத்துக்கு வரும்போது திடீரென மறைந்துவிடும். இது இடப் பிழையாகத் தோன்றாது என்றாலும் மூலம் அதேதான்.

தரையோடு சரியாக ஒட்டி நிற்பது எப்போதும் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. கம்பளம் போன்ற தட்டையான பொருளின் பரப்பும் தரையின் பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தால், எதை முன்னால் காட்டுவது என்று தெரியாமல் இரண்டும் மாறி மாறி மினுங்கும். சற்றே உயர்த்தி வைத்தால் அது நின்றுவிடும். வெளிநிலம் மேடுபள்ளமானது என்பதால், விளக்குத் தூணின் அடிப்பகுதியை ஆரிஜினுக்குக் கீழேயும் சிறிது நீட்டியே செய்கிறேன். சரிவில் வைத்தாலும் அடியில் இடைவெளி தெரிவதில்லை.

சோதிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் ஒருமுறை நகர்ந்த பொருளின் இடம் சேமிப்புக் கோப்பில் பதிந்துவிடுவதால், கிரியேஷன் கிட்டில் செய்த திருத்தம் பழைய சேமிப்பில் தெரியாமல் போகலாம். சரியாகவே திருத்திய ஒன்றைத் தவறு என்று நம்பி மீண்டும் மீண்டும் மாற்றிய நாட்கள் எனக்கு உண்டு. இப்போது தலைப்புத் திரையிலேயே கட்டளைகளை எழுதும் கன்சோலைத் திறந்து, சிஓசி கட்டளையால் நேராக அந்த அறைக்குப் போய்ப் பார்க்கிறேன்; ஐயம் வந்தால் பொருளைச் சொடுக்கி, கெட்பாஸ் கட்டளையால் அதன் இட மதிப்பைப் படித்து, கிரியேஷன் கிட்டில் உள்ளதோடு ஒப்பிடுகிறேன்.

கருவிகளில் என் நம்பிக்கையை முழுமையாகப் பெற்றது நிஃப்ஸ்கோப். அதன் தோற்றம் புதியவரை மிரட்டும், ஆனால் கோப்பில் உள்ளதை உள்ளபடியே காட்டும். இடப் பிழையைத் தேடுபவருக்கு அதுவே வேண்டும். கிரியேஷன் கிட் பொருள்களை அடுக்குவதற்கு மட்டும் போதுமானது, அங்கே மெஷ்ஷின் பிழையைத் திருத்த முயல வேண்டாம் என்றே புதிதாக வருபவர்களிடம் சொல்கிறேன். கதாபாத்திரங்கள் நடக்கக்கூடிய தரையைக் குறிக்கும் முக்கோண வலையான நேவ்மெஷ்ஷுக்கு மட்டும் நான் குறுக்குவழி எதையும் கண்டதில்லை. அலமாரி எவ்வளவு ஒழுங்காக நின்றாலும், அதன் அடியிலுள்ள முக்கோணங்களைக் கையால் வெட்டி எடுக்கும்வரை விடுதிக்காரர் அதற்குள்ளேயே நடக்கப் பார்ப்பார்.