டிஸ்க் இல்லாத கன்சோலுடன் ஐந்து ஆண்டுகள்

டிஸ்க் டிரைவ் இல்லாத வீடியோ கேம் கன்சோலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அப்படியொன்றை ஐந்து ஆண்டுகளாக வைத்திருப்பவன் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றுதான் சேமிப்பகத்தில் இடம் போதாமல், ஆடி முடித்த கேம்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலில் சொல்லும் பதில் நியாயமாக இருக்காது என்பதால், சற்று ஆறப்போட்டு இதை எழுதுகிறேன்.

கருவியின்மேல் குறையே இல்லை. டிஸ்க் மாற்ற எழ வேண்டியதில்லை, கீறல் விழுமோ என்ற கவலையும் இல்லை; புதிய கேமை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் வெளியாகும் நொடியிலேயே ஆடலாம். என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான்: முடித்த கேமை விற்க வழியில்லை. முன்பெல்லாம் பழைய டிஸ்க்கைக் கடையில் கொடுத்தால் அடுத்த கேமின் விலையில் ஒரு பகுதி கழியும். இப்போது என் கணக்கில் அறுபதுக்கு மேல் கேம்கள் இருக்கின்றன; நான் மீண்டும் தொடக்கூடியவை பத்துகூடத் தேறாது.

இதில் என் பங்கும் உண்டு. 2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த திட்டப்படி, டிஸ்க்கில் வாங்கிய கேமும் கணக்கோடு பிணைக்கப்படும். வெளியீட்டாளர் அனுமதித்தால், திட்டத்தில் சேர்ந்த சில்லறைக் கடைகளில் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். நண்பருக்குத் தருவதென்றால் அவர் குறைந்தது 30 நாள்கள் நட்புப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். இதோடு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையச் சரிபார்ப்பும் சேரவே பெரும் எதிர்ப்பு எழுந்தது. நானும் சேர்ந்து கத்தினேன். ஜூன் 19 அன்று திட்டம் கைவிடப்பட்டது. கணக்கில் கட்டுண்ட கேமையும் கடை மூலம் கைமாற்றலாம் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தில் இருந்தது என்பது, டிஸ்க்கை நானே விரும்பிக் கைவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீதிமன்றங்களும் கைகொடுக்கவில்லை. ஸ்டீம் என்ற டிஜிட்டல் கேம் ஸ்டோரில் வாங்கிய கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது மகிழ்ந்தேன். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது, 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவையே உறுதிசெய்தது. டிஜிட்டல் பிரதி தேய்வதில்லை, ஆகவே பழையதும் புதியதும் ஒரே தரத்தில் போட்டியிடும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. கோபத்தோடுதான் என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேயாத அதே பண்டத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து டிஜிட்டல் ஸ்டோரே பாதி விலைக்குத் தள்ளுபடியில் தருகிறதே! கேமைப் பழையதாக்குவது தேய்மானம் அல்ல, ஆடியவர்களுக்கு ஆவல் தீர்ந்துபோவதுதான் என்பது விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கருவிக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நண்பருக்கு என் பதில்: வேண்டாம், சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். என் அடுத்த கன்சோலும் இதே நிறுவனத்துடையதாகத்தான் இருக்கும். விற்க முடியாத அறுபது கேம்களை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது?