ஆய்வகமா, இணையமா: கவனச் சோதனையை எங்கே நடத்துவது?

கவனம், நினைவாற்றல் பற்றிச் சோதனை நடத்தத் திட்டமிடும் மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியில்தான் திணறுகிறார்கள்.

செலவு
ஆய்வகம்: ஒவ்வொருவராக வரவழைக்க வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும்.
இணையம்: நூறு பேர் ஒரே நாளில்கூடக் கிடைப்பார்கள்.

துல்லியம்
ஆய்வகம்: என்ன திரை, என்ன விசைப்பலகை என்பது நம் கையில்.
இணையம்: ஆளுக்கொரு கருவி. வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு பிரேம் (ஒரு படம்) மாறவே ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி ஆகும். ஆனால் இதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டாம். பச்சை மையில் எழுதிய 'சிவப்பு' என்ற சொல்லின் நிறத்தைச் சொல்லும்போது நாம் தாமதிக்கிறோமே, அந்த ஸ்ட்ரூப் விளைவு இணையத்திலும் தெளிவாகவே தெரிகிறது. சொல்லும் நிறமும் பொருந்தும்போது ஒன்று, பொருந்தாதபோது ஒன்று என ஒரே ஆளின் இரண்டு வேகங்களைத்தான் ஒப்பிடுகிறோம்; கருவியின் நிலையான தாமதம் கழிந்துவிடும்.

கண்காணிப்பு
ஆய்வகம்: பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்.
இணையம்: நினைவில் வைக்கச் சொன்ன சொற்பட்டியலை ஒருவர் தாளில் குறித்துக்கொண்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

கண்ணசைவுப் பதிவு, மூளை அலை, மின்னி மறையும் படங்கள் என்றால் ஆய்வகம்தான், யோசிக்கவே வேண்டாம். முடிவெடுத்தல் பற்றிய கேள்விகளுக்கு இணையம் தாராளமாகப் போதும். சொற்களை நினைவுகூரும் சோதனையா? சிரமமானாலும் ஆய்வகத்தையே சொல்வேன்.